மரியாதைப் பிரிவில் ஒரு பல்செட்டுக்காரர்

பல்செட்டுக்காரருக்குத் தன் சகலையைக் கண்டால் ஆகாது. இதை அவர் வெளியில் சொன்னதில்லை. சகலை எதிரில் வந்தால் எல்லாப் பல்லும் தெரியச் சிரிப்பார். பல்லே அவருடைய தொழில் என்பதால் அந்தச் சிரிப்பில் யாரும் குறை கண்டதில்லை. ஆனால் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும். சகலை புது வண்டி வாங்கினால் புகையும். அந்த வண்டிக்கு உறை வாங்கிப் போட்டால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் புகையும்.

சகலை என்றால் மனைவியின் அக்காள் புருஷன். டைல்ஸ் கடை வைத்திருந்தார். பல்செட்டுக்காரர் வைத்திருந்தது ஒரு சின்ன அறை. அதில் மாவுக்கட்டு வாளி, மெழுகு, ஈறு நிறத்தில் ஒரு பொடி, அடுக்கடுக்காகப் பற்கள். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் பல் செய்து அனுப்புவார். நல்ல வேலைக்காரர். யாருக்கும் கடன் கிடையாது. வருமான வரியை வருஷா வருஷம் சேர்த்து வைத்த பணத்திலிருந்து கட்டிவிட்டு, கட்டியதையே மறந்துவிடுவார். அந்த நிம்மதிக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேட்டு வைத்தது.

சகலை குடும்பத்தோடு விமானத்தில் எங்கோ போய்விட்டு வந்திருந்தார். பார்க்கப் போயிருந்தார்கள்.

"டிக்கெட்டே ரொம்ப ஆகியிருக்குமே," என்றார் பல்செட்டுக்காரர், ஆகியிருக்கட்டும் என்ற ஆசையில்.

"காசா? யாரு காசு குடுத்தா? எல்லாம் புள்ளி, சகலை." சட்டைப் பையிலிருந்து தங்க நிறத்தில் ஒரு கிரெடிட் கார்டை எடுத்து டீ மேசையில் வைத்தார். "வருமான வரியை இதுல கட்டினேன். கட்டக் கட்ட பேங்க்காரன் புள்ளி போடுறான். அந்தப் புள்ளியிலதான் டிக்கெட்டு. ஏர்போர்ட்டுல தனி ரூம்ல உக்கார வச்சு சாப்பாடும் போட்டாங்க. அதுகூடப் பெரிசில்ல. வரி ஆபீஸ்ல நான் கார்டை நீட்டினதும் மணி அடிச்சாங்க பாருங்க. மொத்த ஆபீஸும் எழுந்து நின்னுடுச்சு."

"எதுக்கு?"

"எனக்குத்தான்."

அக்கா புருஷனைப் பார்த்த பார்வையிலேயே எல்லாம் இருந்தது. பல்செட்டுக்காரரின் மனைவி அந்தப் பார்வையைப் பார்த்தாள். அவள் பார்த்ததை இவர் பார்த்தார்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது அவள் பின்னால் இருந்து சொன்னாள்: "அக்கா வீட்டுக்காரர் வரி கட்டியே ஆகாயத்துல பறக்கிறாரு. நீங்களும்தான் கட்டுறீங்க. ரசீது வருது."

பல்செட்டுக்காரருக்கு விமானம் வேண்டாம், ஏர்போர்ட் சாப்பாடும் வேண்டாம். அக்காவின் எதிரில் தன் மனைவி ஒரே ஒரு தடவை, "எங்க வீட்டுக்காரர்" என்று கொஞ்சம் கழுத்தை நிமிர்த்திச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது. அதற்காக மறுநாளே பேங்க்குக்குப் போனார்.

பேங்க் மேனேஜர் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, கெட்ட செய்தி சொல்லும் முகத்தோடு திரும்பினார். "சார், நீங்க இதுவரைக்கும் யார்கிட்டயும் கடன் வாங்கினதே இல்லையா?"

"இல்லை," என்றார் இவர் பெருமையாக.

"அப்போ வாங்கினா திருப்பிக் குடுப்பீங்கன்னு நாங்க எதை வச்சு நம்புறது?"

பல்செட்டுக்காரருக்குத் தன் நாற்பது வருஷ வாழ்க்கை ஒரு பெரிய தலைமறைவு போலத் தோன்றிவிட்டது. மேனேஜர் இரக்கப்பட்டு வழி சொன்னார். "ஒரு கடன் வாங்குங்க. அதைக் கட்டத் திணறுங்க. ரொம்ப வேணாம், லேசாத் திணறினாப் போதும். அதுக்கப்புறம் உங்க மேல எங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்துடும்."

வீட்டில் நன்றாக ஓடும் வாஷிங் மெஷின் இருக்கும்போதே கடனில் இன்னொன்று வாங்கினார். அதை வைக்க இடமில்லாமல் ஹாலில் நிறுத்தி, மேலே துணி போர்த்தி, டிவியை ஏற்றி வைத்தார்கள். சொன்னபடியே லேசாகத் திணறினார். பேங்க்குக்கு நம்பிக்கை பிறந்து, கார்டு வந்து சேர்ந்தது. வெள்ளி நிறம். சகலையுடையது தங்கம். கவரைப் பிரித்த இடத்திலேயே ஒரு சுற்றுப் புகைந்து முடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

வரி ஆபீஸின் கீழ்த்தளம் ஒரு நீண்ட கூடம். கவுண்டர்கள், பெஞ்சுகள், தலைக்கு மேல் ஆடிக்கொண்டே சுற்றும் மின்விசிறிகள். முன்னால் நின்றவர் பேங்க் சீட்டைக் கொடுத்தார். கவுண்டர் கிளார்க் தலை நிமிராமல் முத்திரை குத்தி, "ஆச்சு" என்றார். அந்த ஆள் ஒரு தும்மல் போடும் நேரத்தில் வரி கட்டிவிட்டு வெயிலில் இறங்கிப் போய்விட்டார். இத்தனை வருஷமும் தானும் இப்படி மானம் கெட்டுப் போயிருக்கிறோமே என்று பல்செட்டுக்காரருக்குக் கூசியது.

"கார்டு," என்றார்.

கிளார்க்கின் தலை நிமிர்ந்தது. மேசையடியிலிருந்து ஒரு பித்தளை மணியை எடுத்து ஆட்டினார். ஆபீஸ் மொத்தமும் எழுந்து நின்றது. டைப் அடிக்கும் அம்மாள் நின்றாள். வாயில் சாப்பாட்டோடு ஒருவர் நின்றார். மூலையில் தூங்கிக்கொண்டிருந்தவர் தூக்கம் கலையாமலே நின்றார். பெஞ்சில் இருந்த பொதுமக்கள்கூட ஆபீஸை மூடப்போகிறார்கள் என்று நினைத்து எழுந்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் பல்செட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். பல வருஷமாகச் சகலையை அவர் பார்த்துவந்த பார்வை அது. வாங்கிக்கொள்ளும் இடத்தில் நிற்பது இதுதான் முதல் தடவை. இதமாக இருந்தது.

பியூன் ஒருவர் குனிந்து வழிகாட்டி, மாடியில் 'மரியாதைப் பிரிவு' என்று எழுதிய அறைக்கு அழைத்துப் போனார். உள்ளே பெரிய உடம்போடு ஓர் அதிகாரி. முன் பல் இரண்டும் கட்டுப்பல், சரியாக உட்காரவில்லை. பேசும்போது டிக்டிக்கென்று தட்டின.

"உக்காருங்க சார். கீழ ஒரு கூட்டம் வரி கட்டிட்டுப் போகுது, பாத்தீங்களா? அவங்க குடுக்கிறது வரி மட்டும்தான். குடுக்க வேண்டியதைக் குடுக்கிறாங்க, போறாங்க. அதுல என்ன பெருமை? உங்களை மாதிரி இருக்கிறவங்க, குடுக்க வேண்டாததையும் சேத்துக் குடுக்கிறீங்க. இந்தத் துறையே உங்களை நம்பித்தான் நிக்குது."

"நிக்கிறதைப் பாத்தேன்," என்றார் பல்செட்டுக்காரர் அடக்கமாக.

அதிகாரி கார்டை வாங்கி மெஷினில் தேய்த்தார். வந்த தொகை இவர் கணக்குப் போட்டு வைத்ததைவிடக் கூடுதலாக இருந்தது.

"அது வசதிக் கட்டணம் சார்."

"எனக்கு இதுல என்ன வசதி?"

"உங்களுக்குன்னு யார் சொன்னா? எங்க வசதிக்கு. உங்க வசதிக்கு உங்ககிட்டயே காசு வாங்கினா அது அநியாயம் இல்லையா? நீங்க கட்டுற அந்தக் கட்டணத்துலதான் கீழ நிக்கிறவங்களுக்கு நிக்கிறதுக்கு அலவன்ஸ் குடுக்கிறோம். மரியாதையைச் சும்மா குடுத்தா அதுக்கு மதிப்பு இருக்குமா, நீங்களே சொல்லுங்க."

பல்செட்டுக்காரர் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் கிணுகிணுத்தது. பேங்க் புள்ளி போட்டிருந்தது. முகம் மலர எழுந்தார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றார் அதிகாரி. "இப்போ உங்களுக்குப் புள்ளி வந்துச்சில்ல?"

"வந்துச்சு."

"வந்தா அது வருமானம். எங்க கண் முன்னாடியே வந்த வருமானத்தை மறைக்கலாமா? அதுக்கு வரி கட்டணும். கார்டுல வந்த வருமானத்துக்குக் கார்டுலதான் கட்டணும்." தேய்த்தார். கீழே மணி அடித்தது. தரையெல்லாம் நாற்காலிகள் உரசும் சத்தம் மாடிவரை கேட்டது. போன் மறுபடி கிணுகிணுத்தது.

"பாத்தீங்களா," என்றார் அதிகாரி. "அதிர்ஷ்டக்காரர் சார் நீங்க. வந்துக்கிட்டே இருக்கு."

பல்செட்டுக்காரர் கணக்குத் தெரிந்தவர்தான். "சார், புள்ளி ஒவ்வொரு தடவையும் குறைஞ்சுக்கிட்டுதானே வரணும்? கடைசியில ஒண்ணும் இல்லாம முடிஞ்சிடும் இல்ல?"

"முடிஞ்சிருக்கும். மேலிடத்துல யோசிச்சாங்க. மரியாதையை ஆரம்பிச்சுட்டுப் பாதியில நிறுத்தறது நல்லா இருக்காதுன்னு, குறைஞ்சபட்ச வரின்னு ஒண்ணு வச்சுட்டாங்க. அதுக்குக் கீழ போகாது. அதைக் கட்டினா பேங்க்குல குறைஞ்சபட்சப் புள்ளி குடுக்கிறாங்க. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்க வரி கட்டிக்கிட்டே இருக்கலாம். வேற எந்த ஆபீஸ்ல சார் இந்த வாய்ப்பு கிடைக்கும்?"

"அந்தப் புள்ளியில நான் டிக்கெட்டு எடுக்கணுமே."

"தாராளமா எடுங்க. வரி பாக்கி முழுசா முடிஞ்சதும்."

வெள்ளிக் கார்டுக்காரர்களுக்கென்று பக்கத்தில் ஓர் அறை இருந்தது. கை வைத்த நாற்காலிகள், காகிதக் கோப்பையில் குளிர்ந்த தண்ணீர். ஏற்கெனவே நாலைந்து பேர் இஸ்திரி போட்ட சட்டையும் வாடிய முகமுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டைப் அடிக்கும் அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தாள். "சார், கோவிச்சுக்காதீங்க. உங்க ரூம் ஆளுங்க எல்லாரும் கொஞ்சம் சேந்தாப்புல தேய்க்கக் கூடாதா? ஒரே நிக்கிறதா நின்னுக்கலாம்."

அதிகாரி அவளைக் கடிந்துகொண்டார். முட்டி வலிப்பவர்களுக்குப் பதிலாக நிற்பதற்கென்று இரண்டு பேரைப் புதிதாக வேலைக்கு எடுக்கப்போவதாகவும், அதற்காக வசதிக் கட்டணம் சற்றே உயரும் என்றும் அறைக்குப் பொதுவாக அறிவித்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

சாயங்காலம் பல்செட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார். "சார், இதுலயிருந்து விலகணும்னா?"

"யாரு தடுக்கிறா? இப்பவே விலகலாம். மணி அடிப்போம். நிக்கிற எல்லாரும் ஒரே நேரத்துல உக்காந்துடுவாங்க. நீங்க வாசலைத் தாண்டுற வரைக்கும் யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. அப்புறம் நம்ம பியூன் உங்க வீட்டுக்குப் போயி, இவர் இனிமே சாதாரண ஆளுன்னு உங்க வீட்டம்மாகிட்டப் பணிவா சொல்லிட்டு வருவாரு." டிக்டிக்கென்று பல்லைச் சரிசெய்துகொண்டார். "அவருக்குக் கொஞ்சம் பெரிய குரல். அக்கம்பக்கத்துக்கும் கேக்கும்."

பல்செட்டுக்காரர் மனைவியை நினைத்தார். அவள் அக்காவுக்குப் போன் போடும் வேகத்தையும் நினைத்தார். "நாளைக்கு வர்றேன் சார்," என்றார்.

வீட்டில், "எழுந்து நின்னாங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"சாயங்காலம் வரைக்கும் நின்னாங்க," என்றார். பொய் இல்லை. அவள் உடனே அக்காவுக்குப் போன் போட்டாள்.

அதன்பிறகு அது அன்றாட வேலை ஆகிவிட்டது. காலையில் போவார், தேய்ப்பார், மணி அடிக்கும், எழுந்து நிற்பார்கள். பல் அறை பூட்டிக் கிடந்தது. மேல் செட்டும் கீழ் செட்டும் சொல்லிவைத்திருந்த பெரியவர் ஒருவர் வாரக்கணக்கில் பாலில் ரொட்டியைத் தோய்த்துத் தின்று வெறுத்துப்போய்ப் போன் செய்தார். வெறும் ஈறை வைத்துக்கொண்டு அவர் என்ன சொன்னார் என்பது விளங்கவில்லை. நல்ல வார்த்தையாக இருக்க வழியில்லை. வரிக்கென்று வைத்திருந்த சேமிப்பு போய், மெழுகு வாங்க வைத்திருந்த பணமும் போனது. இருந்தும் அவர் தாங்கிக்கொண்டார். சகலை இதே கார்டை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் பறக்கும்போது, தான் மட்டும் தரையில் தேய்த்துக்கொண்டிருப்பது தன் கார்டின் நிறக் கோளாறு என்றே நம்பினார். தங்கத்துக்குக் கண்டிப்பாக வேறு விதி இருக்கும்.

ஒருநாள் வெள்ளி அறையின் ஏசி நின்றுபோய்த் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சரிசெய்யும் வரை தங்க அறையின் ஓரத்தில் நிற்க அனுமதித்தார்கள். அது தனிப் படிக்கட்டும் தனிக் கதவும் உள்ள அறை. உள்ளே மெத்தென்ற சோபாக்கள், கால் நீட்ட முக்காலிகள், கண்ணாடி டம்ளரில் தண்ணீர். பல்செட்டுக்காரர் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொருமிக்கொண்டே வந்தவர், ஜன்னலோரச் சோபாவில் ஒரு பின்னந்தலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

சகலை கையில் தங்கக் கார்டோடு உட்கார்ந்திருந்தார். பாதி உடம்பாகிவிட்டிருந்தார்.

"சகலை," என்றார் இவர்.

அவர் துள்ளி எழுந்தார். இவரைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். "வீட்டுல சொல்லிடாதீங்க," என்றார் முதல் வார்த்தையாக.

"ப்ளேன்ல போனீங்களே."

"கடன்ல போனேன். புள்ளியில இதுவரைக்கும் ஒரு டீ குடிச்சதில்லை. டைல்ஸ் கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு தினம் இங்கதான் வர்றேன். கடையை அடகு வச்சாச்சு."

பல்செட்டுக்காரருக்குள் ஒரு குளுமை பரவியது. அதற்கு வெட்கப்பட்டார். வெட்கப்பட்ட பிறகும் அது குளுமையாகவே இருந்தது.

"விலகிட வேண்டியதுதானே?"

"எப்படி விலகறது? எல்லாரும் உக்காந்துடுவாங்களே. ஆள் வந்து வாசல்ல நின்னு கத்துவானே. அது உங்க வீட்டுக்குத் தெரிஞ்சுடுமே." சகலை கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு ஆரம்பிச்சேன் தெரியுமா? என் வீட்டுல சதா உங்க பேச்சுதான். தங்கச்சி வீட்டுக்காரருக்கு ஒரு பைசா கடன் கிடையாது, தங்கச்சி வீட்டுக்காரர் கை நல்ல கைன்னு. உங்களைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும் சகலை."

இத்தனை வருஷத்தில் அவர்கள் உண்மையாகப் பேசிக்கொண்டது அன்றுதான். பல்செட்டுக்காரருக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

"ரெண்டு பேருமே சேந்து விலகிடுவோம்," என்றார் சகலை. "ஒரே மணியில முடிஞ்சிடும். ரெண்டு வீட்டுலயும் ஒரே நாள்ல தெரிஞ்சா, யாரு யாரைச் சொல்ல முடியும்?"

அதில் நியாயம் இருந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டு, அந்த அறைக்கு வந்த அதிகாரி முன்னால் போய் நின்றார்கள். சமாசாரத்தைக் கேட்டதும் அவர் வருத்தப்பட்டார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சொல்லக் கூடாது. மரியாதைன்னா ஒரு வரிசை இருக்கணும். தங்கம் முதல்ல."

சகலை ஓர் அடி முன்னால் வைத்தார். "நான் விலகிக்கிறேன்," என்றார்.

கீழே மணி அடித்தது. நிற்பதற்கென்றே எடுத்த புதிய ஆட்கள் உட்பட எல்லோரும் உட்காரும் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. பியூன் செருப்பை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமியபடி கிளம்பினார். சகலை கதவருகில் போய், இவருக்காகத் திரும்பி நின்றார். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"நீங்க?" என்றார் அதிகாரி. பிறகு குரலைத் தாழ்த்தி, "தங்கத்துல ஒரு இடம் காலியாகுது. உங்க ஒழுங்கைப் பாத்து உங்களையே போடலாம்னு நினைக்கிறேன்."

பல்செட்டுக்காரர் ஜன்னலோரச் சோபாவைப் பார்த்தார். சகலை உட்கார்ந்திருந்த பள்ளம் இன்னும் நிமிரவில்லை. பியூன் போகும் தெருவை நினைத்தார். அந்தத் தெரு வாசலில் நிற்கப்போகும் அக்காவையும், போனுக்குப் பக்கத்தில் இருக்கப்போகும் தன் மனைவியையும் நினைத்தார்.

"நானா?" என்றார். "நான் சும்மா இவருக்குத் துணைக்கு வந்தேன்."

மணி அடித்தது. உட்கார்ந்தவர்கள் எல்லோரும் புதுத் தங்கத்துக்காக எழுந்து நின்றார்கள். சகலை படி இறங்கிப் போனார். பல்செட்டுக்காரர் அவருடைய முதுகைப் பார்த்து வழக்கம்போலச் சிரித்தார்.

தங்கம் கிடைத்த சேதியைப் போனில் மனைவிக்குச் சொல்லிவிட்டுத்தான் அன்று சாயங்காலம் கிளம்பினார். வீட்டில் நுழையும்போதே அவள் குரல் கேட்டது. போனில் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "அழாதேக்கா. எல்லாராலயும் முடியுமா? எங்க வீட்டுக்காரர் என்னமோ தாக்குப் பிடிக்கிறாரு. தங்கம் குடுத்திருக்காங்களாம்." கழுத்து நிமிர்ந்துதான் இருந்தது. பல்செட்டுக்காரர் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று கேட்டார். அடகு வைக்கப் பல் அறைப் பத்திரத்தை எங்கே வைத்தோம் என்ற கவலைகூட அந்த ஒரு நிமிஷம் அவருக்கு இல்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு மாதம் போல ஓடியது. பிறகு ஒருநாள் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்து, பேசாமல் சாப்பாடு போட்டாள்.

"எப்படி இருக்கா உங்க அக்கா? இன்னும் அழுதுக்கிட்டுதான் இருக்காளா?" என்றார் இவர் ஆவலாக.

"அவளுக்கென்ன. கார்டைக் கத்தரியால வெட்டிப் போட்டுட்டாராம். கடையைப் பாதியா வித்து அடகை மீட்டுட்டாராம். மத்தியானம் வீட்டுக்கு வந்துடுறாரு. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து சாப்பிடுறாங்க. அப்புறம் வாசக் கதவைக்கூடச் சாத்தாம ஹால்லயே விரிச்சுப் படுத்துத் தூங்கிடுறாரு. ஒருத்தனும் வந்து கடனைக் கேக்கிறதில்லை." அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். "குடுத்து வச்சவ."

பல்செட்டுக்காரரின் கை தட்டிலேயே நின்றது.

"குறட்டை விடுறாரா?"

"தெருக்கோடி வரைக்கும் கேக்குது."

அதற்குமேல் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.